மானியம் வந்துவிட்டது, கோபம்தான் அடங்கவில்லை

மத்திய அரசின் தீனதயாள் மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வுத் திட்டத்தில் எங்கள் சிறப்புப் பள்ளிக்கு மானியம் வந்துவிட்டது. ஆசிரியைகளின் சம்பளப் பாக்கியைக் கொடுத்தாயிற்று. இதற்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களிடம் சங்கப் பதிவு, வருமான வரித் துறையின் 12ஏ பதிவு, தணிக்கை அறிக்கை எல்லாம் கையில் இருக்கும். அதனால் எங்களை இழுத்தடித்த விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

முதல் முட்டுக்கட்டை, தொண்டு நிறுவனங்களுக்காக நிதி ஆயோக் நடத்தும் என்ஜிஓ தர்பண் தளத்தில் பதிவு. நிர்வாகிகளின் பான், ஆதார் விவரங்களை அங்கே கொடுக்க வேண்டும். எங்கள் பொருளாளருக்கு ஆதாரில் பெயருக்கு முன்னால் இனிஷியல். பான் அட்டையிலோ அப்பா பெயர் முழுசாக விரிந்து பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் பொருந்தவில்லை என்று நிராகரித்துவிட்டார்கள். எழுபதைத் தாண்டியவர், ஆதார் மையத்தில் கைரேகை விழாமல் திரும்பத் திரும்ப விரலைத் துடைத்து வைத்து நொந்துபோய், "நான் வேணும்னா ராஜினாமா பண்ணிடறேன் தம்பி" என்றார். நிர்வாகி மாறினால் பதிவாளர் அலுவலகத்தில் படிவம் 7 போட வேண்டும், அது தனிக் கூத்து. கெஞ்சி இருக்க வைத்தோம். உங்கள் நிர்வாகிகளின் அட்டைகளை இன்றைக்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மானியத்துக்கு விண்ணப்பிக்கும் இ-அனுதான் தளத்தில் ஆவணங்களை ஏற்றியது, மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு வந்தது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. வந்தவர் வருகைப் பதிவேட்டை வைத்துப் பிள்ளைகளைத் தலை எண்ணினார், சாய்வுதளத்தில் ஒரு சக்கர நாற்காலியைத் தானே தள்ளிப் பார்த்தார். நல்ல மனிதர்.

அப்புறம் ஃபைல் போய்ச் சேர்ந்த அலுவலகத்தில் ஒரு எழுத்தர். வாடகை ஒப்பந்தம் பதிவு செய்யப்படவில்லை என்றார். பதிவு செய்து கொண்டுபோனால், தணிக்கை அறிக்கையில் ஆடிட்டரின் 18 இலக்க யூடின் எண் (அறிக்கை அவர் கொடுத்ததுதான் என்று சரிபார்க்கும் எண்) இல்லை என்றார். அதைப் போட்டுக் கொண்டுபோனால், ஓர் ஆசிரியைக்கு, சிறப்பு ஆசிரியர்களுக்கான இந்திய மறுவாழ்வுக் குழுமப் பதிவு காலாவதியாகப் போகிறதாம். அது போதாதென்று தீயணைப்புச் சான்று. இதையெல்லாம் முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "அப்போ கேட்கலை சார், இப்போ கேட்கிறோம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். எனக்கோ ஒவ்வொரு முறையும் பாதி நாள் பஸ்ஸிலேயே போனது.

எங்களைப் போலவே காப்பகம் நடத்தும் ஒரு அக்காதான் வழி சொன்னார். மேசைக்குப் போகாதே, தபால் பிரிவுக்குப் போ என்றார். எங்கள் விண்ணப்பத்தில் உள்ள எல்லாக் குறைகளையும் ஒரே கடிதத்தில் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கும்படி அதிகாரி பெயருக்கு மனு எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். பதில் வந்தது. அதில் இருந்த ஒரே குறை அந்த ஆசிரியையின் பதிவு. தீயணைப்புச் சான்று பற்றி ஒரு வார்த்தை இல்லை! அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

பணம் விஷயத்தில் ஒன்று. திட்டச் செலவில் 90 சதவீதம் வரை தருவார்கள் என்பதை நம்பி ஆள் எடுத்துவிடாதீர்கள். மிச்சம் நம் பொறுப்பு, அந்தத் தொண்ணூறும் வந்து சேரும்வரை சம்பளத்தை நாம்தான் புரட்ட வேண்டும். நாங்கள் நகை வைத்துத்தான் ஓட்டினோம். மத்திய அரசின் பணம் வந்து சேரும் பிஎஃப்எம்எஸ் தளப் பதிவில் சங்கத்தின் பெயர் வங்கிக் கணக்கில் உள்ளபடியே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மானியத்துக்குத் தனிக் கணக்கு வையுங்கள். கடைசியில் செலவுச் சான்று, அதாவது யூசி, மத்திய அரசின் பொது நிதி விதிகளில் உள்ள படிவம் 12-ஏயில் தர வேண்டும். கணக்கில் கிடக்கும் பணத்துக்கு வரும் வட்டியும் நம்முடையது இல்லை, அரசுக்கே திருப்பிக் கட்ட வேண்டும். எங்கள் ஆடிட்டர் அதைச் சங்கத்தின் வருமானத்தில் சேர்த்து எழுதியிருந்தார். மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன்.