நவம்பர்: சீல் பீஸ், லூஸ் பீஸ்

நவம்பர் 3, திங்கள்

பழைய பொம்மை விற்கும் புனேக்காரர் படம் அனுப்பிவிட்டார். ஜி.ஐ. ஜோ சிப்பாய்ப் பொம்மை, ஃபன்ஸ்கூல் போட்ட பிளின்ட். பின் அட்டையான கார்டோடு, பொம்மையை மூடிய பிளாஸ்டிக் பபிள் பிரியாமல், அதாவது சீல் பீஸ். 6,500 ரூபாய். அவரிடமே பிரித்த பொம்மைகளாக ஒரு லூஸ் லாட்டும் இருக்கிறது: பிளின்ட், பீச் ஹெட், ஜெனரல் ஹாக், இன்னும் இரண்டு பேர், துப்பாக்கியும் பையுமாக ஒரு கவர் நிறைய உதிரிகள். எல்லாம் சேர்த்து 4,000. "ஏதாவது ஒண்ணு சீக்கிரம் சொல்லுங்க சார், இன்னொருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார்." இந்த இன்னொருத்தர் இல்லாத விற்பனையை நான் பார்த்ததே இல்லை.

அம்மாவுக்கு இன்று ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்துவிடுமாம். வீட்டுக்கு வந்ததும் ரசம் சாதம் கேட்டாள். சாப்பிட்டாள்.

நவம்பர் 4

மழை. யாருக்கும் பதில் போடவில்லை.

நவம்பர் 5

தூக்கம் வராததால் பிளின்ட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தை இல்லை, இடுப்பை.

மூன்றே முக்கால் அங்குல ஜி.ஐ. ஜோ வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள். 1982-ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி இந்த அளவில் ஆரம்பித்தபோது உடம்பைக் கட்டிய விதம் அப்படி. நெஞ்சு ஒரு பாதி, முதுகு ஒரு பாதி, முதுகில் ஒரே ஒரு திருகு. இரண்டு கால்களும் ஒரு கொக்கியில் தொங்கும். அந்தக் கொக்கியை நெஞ்சோடு இழுத்துப் பிடிப்பது ஒரு கறுப்பு ரப்பர் வளையம். அவ்வளவுதான். இடுப்பு எல்லாப் பக்கமும் திரும்புவதும், உட்காருவதும், குனிவதும் அந்த வளையத்தின் தயவில். ரப்பர் காய்ந்து அறுந்தால் ஆள் இரண்டு துண்டு.

பபிளுக்குள் இருந்தால் ரப்பருக்கு வயதாகாதா என்ன? உள்ளேயே அறுந்து, மேல் உடம்பு கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். முன்னாலிருந்து எடுத்த படத்தில் தெரியவே தெரியாது. பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்தால்தான் இடுப்பில் வெளிச்சம் போகிறதா என்று பார்க்கலாம். அப்படி ஒரு படம் கேட்டிருக்கிறேன். புனேக்காரருக்குப் பிடித்திருக்காது.

லூஸாக வாங்கினால் இந்தப் பிரச்சினை பிரச்சினையே இல்லை. திருகைக் கழற்று, புது வளையம் போடு, மூடு. ஐந்து நிமிட வேலை. அங்கே பார்க்க வேண்டியவை வேறு. முதலில் கட்டைவிரல். கைப்பிடி தடித்த துப்பாக்கியை ஏதோ ஒரு பையன் ஏதோ ஒரு கோடை விடுமுறையில் அழுத்திச் செருகியிருப்பான், விரல் போயிருக்கும். அப்புறம் கவட்டை; மெல்லிய பிளாஸ்டிக், காலை அகட்டி வைத்தே விளையாடியிருந்தால் விரிசல் விட்டிருக்கும். முழங்கையில் ஆணி போகிற இடத்தில் முடி மாதிரி ஒரு கோடு. பெயிண்ட் முதலில் தேய்வது மூக்கிலும் பெல்ட் பக்கிளிலும். விற்கிறவர் இவை எதையும் படம் எடுக்க மாட்டார், எடுத்தாலும் கலங்கலாக எடுப்பார்.

ஆக சீல் பீஸ் வாங்குகிறவன் கூடுதல் பணம் கொடுத்து, பழுதானால் கை வைக்க முடியாத ஒன்றை வாங்குகிறான். இதை மூன்று மணிக்கு யோசிக்கும்போது ரொம்பத் தெளிவாக இருந்தது. காலையில் 6,500-க்கு அந்தக் கார்டின் படம் அழகாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 6

அக்கா போன். வியாழன், வெள்ளி லீவு கிடைக்கவில்லையாம், சனிக்கிழமை ராத்திரி வண்டி ஏறுகிறாள். "நீ என்னடா பண்ற?" என்றாள். பொம்மை விலை பேசிக்கொண்டிருக்கிறேன் என்றா சொல்ல முடியும்.

இந்த வீட்டில் சீல் கட்சி நான் இல்லை, அம்மாதான். பீரோவின் மேல்தட்டு முழுக்கப் பிரிக்காத புடவை. அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவை, நான் முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தது, எல்லாம் கடை அட்டைப்பெட்டியோடு, விலைச் சீட்டோடு. டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை. மிக்ஸியின் ஸ்டிக்கர் பாதி கறுத்துப்போயும் கிழிக்க விட மாட்டாள். இன்று லேப்டாப்பில் பிளின்ட்டைப் பார்த்துவிட்டு, "இது பிரிக்காததா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அதையே வாங்கு. பிரிச்சதை எவன் மதிப்பான்?"

மத்தியானம் மாத்திரைச் சீட்டு தேடப் போய் பீரோவைத் திறந்தேன். ஒரு பெட்டி சரிந்து விழுந்தது. அரக்குப் பட்டு. மடித்த மடிப்பு மாறாமல் இத்தனை வருடம் இருந்ததில் மடிப்பு வரிசையில் இழை விட்டிருந்தது. விரலால் தொட்டதும் இன்னும் ஓர் அங்குலம் போயிற்று. அப்படியே மூடி வைத்துவிட்டேன். சொல்லவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

ரிசல்ட் இல்லை. எடுத்த சதையில் வேறு ஒரு சாயம் போட்டுப் பார்க்க வேண்டுமாம், திங்கட்கிழமை மாலை. கவுன்ட்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஏன் இன்னொரு சாயம் என்று கேட்டால் டாக்டரைக் கேளுங்கள் என்கிறாள். டாக்டர் தியேட்டரில்.

இன்னொரு சாயம் என்றால் நல்லதா கெட்டதா?

கூகுள் பண்ணக்கூடாது என்று தீர்மானம். போனை வண்டியிலேயே வைத்துவிட்டு வந்தேன். அப்புறம் போய் எடுத்து வந்தேன்.

நவம்பர் 8

புனேக்காரர் பக்கவாட்டுப் படம் அனுப்பியிருக்கிறார். இடுப்பில் வெளிச்சம் தெரிகிறது மாதிரியும் இருக்கிறது, பபிளின் பளபளப்பு மாதிரியும் இருக்கிறது. ஒன்றும் சொல்ல முடியவில்லை.

1977 கிறிஸ்துமஸ் கதை நினைவுக்கு வந்தது. அந்த வருடம் ஸ்டார் வார்ஸ் படம் ஓடு ஓடென்று ஓடுகிறது, கென்னர் கம்பெனியிடம் விற்கப் பொம்மை இல்லை. அச்சு தயாராகவில்லை. என்ன செய்தார்கள்? அட்டை உறை ஒன்றை மட்டும் கடையில் விற்றார்கள். உள்ளே ஒரு சான்றிதழ். அதைத் தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் 1978-ல் லூக், லியா, சூபாக்கா, ஆர்2-டி2, நான்கு பேரும் வீட்டுக்கு வருவார்கள். பொம்மையே இல்லாத பொம்மை உறை. சனம் வாங்கியது! அந்த உறையை இன்றைக்கும் தேடித் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கார்டுக்கும் பபிளுக்கும்தான் விலை, உள்ளே இருப்பது சாக்கு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

ஆனால் அதே கம்பெனியின் ஜாவா, அந்தப் படத்தில் வரும் போர்வை போர்த்திய குள்ளன், அவன் விஷயத்தில் எனக்கு எதிர்வாதமும் இருக்கிறது. 1978-ல் வந்த ஜாவாவுக்கு முதலில் வினைல் போர்வை, சீக்கிரமே துணியாக மாற்றிவிட்டார்கள். வினைல் போர்வைக்காரன் அபூர்வம். அதே படத்தின் பென் கெனோபி பொம்மையுடைய வினைல் அங்கியை வெட்டி ஜாவாவுக்குப் போர்த்தி விற்ற புண்ணியவான்கள் நிறைய. லூஸாக ஒரு வினைல் ஜாவா கிடைத்தால் நம்பவே முடியாது. அங்கே பபிள்தான் பேசும். அதுகூட, சூடு காட்டிப் பபிளைக் கிளப்பி, மாற்றி வைத்து, மறுபடி ஒட்டாத வரைக்கும். அமெரிக்காவில் ஏ.எஃப்.ஏ என்று ஓர் அமைப்பு பொம்மைக்கு மதிப்பெண் போட்டு அக்ரிலிக் பெட்டியில் அடைத்துக் கொடுப்பது இதனால்தான். லூஸுக்கும் போடுகிறார்கள். பரீட்சையில் நான் வாங்காத மார்க் எல்லாம் பொம்மைகள் வாங்குகின்றன.

ஃபன்ஸ்கூலுக்கும் இது பொருந்தும். நம்ம சென்னைக் கம்பெனி, எம்.ஆர்.எஃப் குடும்பம், 1987-ல் தொடங்கியது. ஹாஸ்ப்ரோவின் அச்சுகள் இங்கே வந்தன, நிறம் மட்டும் இங்கே தீர்மானமாயிற்று. அதே ஆள், வேறு சட்டை. அடுத்த முறை போடும்போது இன்னொரு சட்டை. வெளிநாட்டுக்காரர்கள் இதற்காகவே ஃபன்ஸ்கூல் தேடுகிறார்கள். 1985-ல் அமெரிக்காவில் வந்த பிளின்ட்டுக்கு ஒரு ஷாட்கன், ஒரு முதுகுப்பை. 86-ன் பீச் ஹெட்டுக்குக் குறுக்குவில். நம்மூரில் எந்த ஆண்டு எந்த நிறத்தோடு எந்தத் துப்பாக்கி வந்தது என்பதை லூஸ் பீஸை வைத்துச் சாதிக்க முடியாது, கவரில் கிடக்கும் உதிரி யாருடையது என்று யார் சத்தியம் செய்வது. கார்டு பிரியாத ஒன்று இருந்தால் வழக்கு முடிந்தது. பின் அட்டையில் வெட்டி எடுக்கச் சொல்லிப் புள்ளிக்கோடு போட்ட விவரச் சீட்டும் இருக்கும். நானும் அக்காவும் வீட்டுக்கு வந்த பத்தாவது நிமிடம் அதை வெட்டிவிடுவோம். வெட்டச் சொல்லித்தானே அச்சடித்தான்.

அதனால் என் தீர்ப்பு: உலகத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு சீல் பீஸ் எங்கேயாவது, யாரிடமாவது இருக்கட்டும். நல்ல வெளிச்சத்தில் எட்டுப் பக்கமும் படம் எடுத்துப் போடட்டும். அந்த யாரோ நானாக இருக்க வேண்டியதில்லை.

அம்மாவுக்கு ராத்திரி லேசாகக் காய்ச்சல். 99.8. டோலோ கொடுத்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

காய்ச்சல் இல்லை.

அக்கா காலையில் வந்துவிட்டாள், மகனோடு. சமையலறை கை மாறியது. எனக்கு வேலை இல்லை, அதனால் பரணிலிருந்து பழைய டப்பாவை இறக்கினேன். என் ஜெனரல் ஹாக், கால் கழன்று, பல வருடமாக அப்படியே. முதுகுத் திருகின் தலை துரு. சென்னைக் காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று தெரியாதா. ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, சின்ன ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடித்துத் திருப்ப, கடகட என்று ஒரு சத்தம், வந்துவிட்டது. உள்ளே வளையம் என்று ஒன்றும் இல்லை. தார் மாதிரி ஒரு கறுப்பு ஒட்டல், அதில் பாதி வட்டம். பல் குத்தும் குச்சியால் சுரண்டினேன். தெருமுனை ஹார்ட்வேர் கடையில் குழாய்க்குப் போடும் வளையம் வாங்கி வந்து மாட்டினால் தடிமன் அதிகம், நெஞ்சு மூட மாட்டேன் என்கிறது. அதைவிட மெல்லியது கேட்டு மறுபடி போனேன். கடைக்காரர், "எந்தப் பைப்புக்கு அண்ணே?" என்றார். பொம்மைக்கு என்றேன். காசு வாங்கவில்லை.

ஹாக் இப்போது நிற்கிறார். கொஞ்சம் தொளதொள.

அக்கா மகனுக்கு இதெல்லாம் பழங்கதை. அவன் ஜப்பான் ஆள், அனிமே பெண் சிலைகள். அவனிடம் பெட்டி பிரிக்காமல் வைத்திருந்த ஒன்றைப் போன மாதம் திறந்தானாம், உடம்பு முழுக்கப் பிசுபிசு. பி.வி.சி-யை இளக்கமாக்கக் கலக்கும் சமாச்சாரம் மெல்லக் கசியும். வெளியே வைத்திருந்தால் காற்றோடு போய்விடும், மூடிய பெட்டிக்குள் போக வழியில்லாமல் மேலேயே படியும். சோப்புத் தண்ணீரில் கழுவினால் சரியாகும். "கழுவணும்னா பிரிக்கணும்ல மாமா" என்றான். சரியான பேச்சு. லூஸ் லாட்டுக்குச் சரி என்று புனேக்கு மெசேஜ் போட்டுவிட்டேன்.

அம்மா இதையெல்லாம் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாக்கைக் கையில் வாங்கி இடுப்பைத் திருப்பினாள். "இவனுக்குத் தொப்பி எங்க?" தொப்பியா, ஹெல்மெட். 1990-லேயே தொலைந்துவிட்டது. அதை நினைவு வைத்திருக்கிறாள், இன்று காலை மாத்திரை போட்டாளா என்பது நினைவில்லை.

அக்கா அரக்குப் பட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். சமையலறையில் இரண்டு பேருக்கும் சண்டை. "கட்டிக்கோ கட்டிக்கோன்னு எத்தனை தரம் சொன்னேன்." "ஆமா, ஆஸ்பத்திரிக்குக் கட்டிக்கிட்டுப் போறேன், வா." நான் உள்ளே போகவில்லை.

நவம்பர் 10

பதினொரு மணிக்குப் புனே பதில். லாட் போய்விட்டது. அந்த இன்னொருத்தர் நிஜமாகவே இருந்திருக்கிறார். "சீல் பீஸ் இருக்கு சார், உங்களுக்குன்னா 6,000."

500 குறைத்தால் வாங்கிவிடுவேனா? பபிளின் அந்த வெளிச்சத்தை மறுபடி பார்த்தேன். அறுந்திருந்தால் பிரித்தே ஆக வேண்டும், பிரித்தால் 6,000-க்கு ஒரு லூஸ் பிளின்ட். அறுந்திருக்காவிட்டால் எனக்கு எப்போதுமே தெரியப் போவதில்லை. 5,000 என்றால் யோசிக்கலாம் என்று டைப் அடித்து அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

நான்கு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவும் கூட வர வேண்டுமாம். அதற்கு என்ன அர்த்தம் என்று அக்கா என்னைக் கேட்கிறாள், நான் யாரைக் கேட்பது? பழைய ஸ்கேன் ஃபைலில் இல்லை என்று இப்போது கத்துகிறாள். பீரோவில் இருக்கும். மற்றதை ராத்திரி வந்து எழுதுகிறேன்.