தலை சுத்தினால்தான் மாத்திரையா?

சுருக்குப் பையிலிருந்து வெற்றிலையோடு சேர்ந்து வெளியே வந்தது பிரஷர் மாத்திரையான அம்லோடிபின் அட்டை. பத்தில் மூன்றுதான் காலி.

"தலை சுத்துறப்ப மட்டும் போட்டுக்குவேன் சாமி" என்றார் பாட்டி.

பிரஷர் 180/110, ரொம்ப அதிகம். தலைசுற்றல் துளிகூட இல்லை.

இந்த நோயின் கொடுமையே அதுதான். பெரும்பாலும் எதையும் காட்டிக்கொடுக்காது. உள்ளே மூளையின் ரத்தக்குழாயையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டே இருக்கும். அம்லோடிபினும் போட்டவுடன் கேட்கிற மாத்திரை இல்லை. தினமும் போட்டால்கூட முழுப் பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

2021 ஆகஸ்டிலிருந்து தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. பெரிய விஷயம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் வாசலிலிருந்து வாய்க்குப் போக, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

கூட வந்த பேரனிடம் சொல்லி அனுப்பினேன்: "ராத்திரி சோறு போடும்போதே மாத்திரையையும் எடுத்துக் கொடுத்துடு தம்பி. அடுத்த வாரம் பாட்டியைக் கூட்டிட்டு வா."