விவாக வகுப்பில் சாராளின் சிரிப்பு

திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் சேகரகுருவாக, அதாவது சில சபைகள் சேர்ந்த ஒரு சேகரத்துக்குப் போதகராக, ஊழியம் செய்கிறேன். கல்யாண அறிவிப்பு கொடுக்க வரும் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசுவதுதான் இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஜெபம், வரவு செலவு, மாமியார் வீடு எல்லாவற்றையும் தாராளமாகப் பேசுவார்கள். தாம்பத்திய உறவு என்று ஆரம்பித்தவுடன் மாப்பிள்ளை தரையைப் பார்ப்பார், பெண்ணுக்கு முகமெல்லாம் வேர்த்துவிடும், அப்புறம் ஒரு வார்த்தை வராது.

பாவம், அவர்கள் இதைப் பற்றி இரண்டே விதமான பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள். வாலிபர் கூட்டத்தில் இச்சை, விபசாரம், நரகம். கல்யாண வீட்டிலோ முதலிரவைப் பற்றி மாமன்மார் அடிக்கிற கிண்டல். கல்யாணமாகி மூன்றாம் மாதமே கோயில் வாசலில் நிறுத்தி, "என்னம்மா, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று பல்லைக் காட்டிக் கேட்கிறார்களே, அதைக் கேட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போன பெண்களை எனக்குத் தெரியும். அதையெல்லாம் நான் சிரிப்பு என்றே சொல்லமாட்டேன்.

அதனால் நான் வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் 18-ஆம் அதிகாரத்தைத் திறக்கிறேன். வயதான ஆபிரகாமிடம், உன் மனைவி சாராளுக்கு ஒரு மகன் பிறப்பான் என்று கர்த்தர் வாக்குக் கொடுக்கிறார். அதைக் கூடார வாசலில் ஒட்டுக்கேட்ட சாராள் உள்ளுக்குள் சிரிக்கிறாள்: நானோ கிழவி, அவரும் கிழவர், இனிமேலா எனக்கு அந்த இன்பம்? வேதத்தில் ஒரு மனைவி தன் படுக்கையறையை நினைத்துச் சிரிக்கிற இடம் இது. கர்த்தர் அதை ஆபிரகாமிடம் எப்படிச் சொல்கிறார் என்று கவனிக்கச் சொல்வேன். 'நான் கிழவியாயிருக்கப் பிள்ளை பெறுவேனா' என்று அவள் சிரித்ததாக மட்டும் சொல்கிறார், புருஷன் கிழவன் என்று அவள் நினைத்ததை விட்டுவிடுகிறார். இன்பம் பற்றிய பேச்சையும் வெளியே எடுக்கவில்லை. அவள் பயந்துபோய் "நான் சிரிக்கவில்லை" என்று மறுக்கும்போது "இல்லை, சிரித்தாய்" என்கிறார், அதோடு சரி. வாக்குத்தத்தம் அப்படியே நிற்கிறது. 21-ஆம் அதிகாரத்தில் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, தேவன் என்னைச் சிரிக்க வைத்தார், கேட்கிற எல்லாரும் என்னோடு சிரிப்பார்கள் என்கிறாள். கிருபை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. ஒரு கணவனும் மனைவியும் ஒருவர் குறையை ஒருவர் வெளியே சொல்லாமல் மூடிக்கொள்வதையும் நான் இங்கேதான் காட்டுகிறேன்.

இதைச் சொல்லி முடிக்கும்போது பெரும்பாலும் பெண்தான் முதலில் சிரிக்கும். அதற்குப் பிறகு கேள்விகள் வரத் தொடங்கும்.

பெரியவர்கள் சிலருக்கு இது பிடிப்பதில்லை. "ஐயா, பரிசுத்த ஸ்தலத்துல இதெல்லாம் எதுக்கு?" என்று ஒரு மூப்பர் கேட்டார். அவர் கேட்டதிலும் ஒரு காரணம் இருக்கிறது. 1662-ஆம் வருஷத்து ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தின் விவாக ஆராதனை, புத்தியில்லாத மிருகங்களைப் போல மாம்ச இச்சையைத் தீர்த்துக்கொள்ள விவாகத்தில் பிரவேசிக்கக்கூடாது என்று எச்சரிக்கும். ஆனால் அதே ஆராதனையில், மோதிரம் போடும்போது மாப்பிள்ளை, என் சரீரத்தால் உன்னைக் கனம்பண்ணுகிறேன் என்ற பொருளில் ஒரு வாக்கும் கொடுக்கிறான்! எச்சரிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு வாக்கை விட்டுவிட்டோம் என்பது என் வருத்தம். உபாகமம் 24:5-ஐயும் காட்டினேன்: புதிதாகக் கல்யாணம் ஆனவனை ஒரு வருஷம் யுத்தத்துக்கு அனுப்பாதே, அவன் வீட்டிலிருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்தட்டும். 1525-இல் 41 வயதில் கல்யாணம் செய்த சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், கண் விழித்தால் தலையணையில் முன்பு இல்லாத இரண்டு சடை கிடக்கிறது என்று சாப்பாட்டு மேஜைப் பேச்சில் வேடிக்கையாகச் சொன்னதையும் சொன்னேன். மூப்பர் சிரித்துவிட்டார்.

சிரிக்கவே கூடாத இடங்களும் உண்டு. ஆபாசப் படத்திலிருந்து வெளியே வரமுடியாமல் தவிக்கிற பையன், சின்ன வயதில் சொந்தக்காரன் ஒருவன் செய்த கொடுமையை முதல்தடவையாக வாய்விட்டுச் சொல்கிற பெண். பெண்களிடம் என் மனைவி தனியாகப் பேசுவாள், அவள் ஸ்டாஃப் நர்ஸ். கல்யாணமாகிப் பல மாதமாகியும் சேரமுடியாத ஒரு தம்பதி வந்தார்கள். வேறொரு இடத்தில் 'சாபக்கட்டு' என்று சொல்லி உபவாசம் போடச் சொல்லியிருந்தார்கள். பயத்தில் பெண்ணின் தசை தானாக இறுகிக்கொள்வது ஒரு மருத்துவப் பிரச்சினை, சிகிச்சை இருக்கிறது, பெண் மருத்துவரைப் பாருங்கள் என்று என் மனைவி சொல்லி அனுப்பினாள். அந்தப் பையனிடம் நான் 1 கொரிந்தியர் 7:4-ஐ முழுசாக வாசிக்கச் சொன்னேன். மனைவியின் சரீரத்துக்குப் புருஷனே அதிகாரி என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த பாதியில் பவுல் புருஷனுடைய சரீரத்தின் அதிகாரத்தை மனைவி கையில் கொடுக்கிறார். அவசரப்படுத்தாமல் காத்திரு என்று அவனிடம் சொல்ல எனக்கு அந்தப் பாதி போதுமானதாக இருந்தது. சிகிச்சை முடிந்து இரண்டு பேரும் கோயிலுக்கு வந்தபோது என்னைப் பார்த்ததும் அடக்கமாட்டாமல் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், யாரும் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்து பெற்றோருக்கும் ஒரு வகுப்பு வேண்டும் என்று சேகர கமிட்டியில் கேட்டிருக்கிறேன். "அவர் சொல்றபடி நடந்துக்கோ" என்று மட்டும் சொல்லி மகளை அனுப்புகிற அம்மாக்களும், மகனிடம் ஒன்றுமே பேசாத அப்பாக்களும் கட்டாயம் வரவேண்டும். அந்த மூப்பர்தான் முதல் ஆளாக அதற்கு ஆதரவு சொல்லியிருக்கிறார்.