நாய்க்கு எதுக்குடா லேம்ப்?

எங்கள் வீட்டு நாயின் பெயர் வீரன். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் இருப்பான், மிக்ஸி ஓடினால் மொட்டை மாடியில் இருப்பான். பெயர் வைத்தபோது இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது.

போன வருடம் அவனுக்கு அரிப்பு ஆரம்பித்தது. காதுக்குப் பின்னால் சொறிவது எல்லா நாயும் செய்வதுதான். இவன் பாதங்களை நக்கி நக்கியே வெள்ளை முடியைத் துருப்பிடித்த நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். ராத்திரி இரண்டு மணிக்குச் 'சளக் சளக்' என்று சத்தம் கேட்கும். உடனே என் மனைவி என்னைத் தட்டி எழுப்புவாள், ஏதோ நான்தான் நக்கிக்கொண்டிருப்பது போல.

மருத்துவர் சீப்பால் வாரித் தெள்ளுப்பூச்சி தேடினார், தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அரிப்பு என்றாலே எல்லாரும் சாப்பாட்டைத்தான் முதலில் சந்தேகப்படுகிறார்கள், ஆனால் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியோ தூசியோ மகரந்தமோதான் காரணம் என்றார். அதற்கெல்லாம் மருந்து கொடுத்துப் பார்த்தும் நக்கல் நிற்கவில்லை. அப்புறம்தான் சாப்பாட்டுக்கு வந்தார்.

"இதுவரைக்கும் என்ன சாப்பிட்டிருக்கான்?"

"கோழி போட்ட உணவுதான் சார்."

"ஆடு?"

"இல்லை சார்."

சோதனைக்கென்றே புரதத்தைத் துணுக்குத் துணுக்காக உடைத்துத் தயாரிக்கும் உணவு ஒன்று உண்டாம். ஒரு கை எடுத்துத் தட்டில் போட்டார். வீரன் முகர்ந்து பார்த்துவிட்டு மூக்காலேயே தரையைத் தள்ளி அதன் மேல் மண் மூடப் பார்த்தான். டைல்ஸ் தரை என்பதால் முடியவில்லை. சரி என்று, எட்டு வாரம் லேம்ப் மட்டும் கொடுங்கள், வேறு ஒரு துணுக்குகூட வாயில் போகக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "வீரனுக்கு இனிமே லேம்ப்தான்" என்றேன்.

"நாய்க்கு எதுக்குடா லேம்ப்? அதுக்குத்தான் இருட்டுலயும் கண்ணு தெரியுமே."

லேம்ப் என்றால் செம்மறி ஆட்டுக்குட்டி என்று விளக்க ஐந்து நிமிடம் ஆனது. "ஆடுன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

ஆட்டிறைச்சி ஏதோ அரிப்பே வராத அதிசய இறைச்சி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி எதுவும் இல்லை. ஒரு காலத்தில் நாய் உணவுகளில் அது அபூர்வம், அதனால் பெரும்பாலான நாய்களின் உடம்புக்குப் புதுசு. அந்த ஒரு காரணத்தால் வந்த நல்ல பெயர்தான் அது. உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களைப் பற்றிய விவரங்களை 2016இல் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் மாட்டிறைச்சி ஒத்துக்கொள்ளாதவை 34 சதவீதம், பால் பொருள்கள் 17, கோழி 15, கோதுமை 13, ஆடு 5. ஐந்துதான் என்றாலும் ஐந்து இருக்கிறதல்லவா? ஏற்கெனவே ஆடு தின்று பழகிய நாய்க்கு ஆட்டை மாற்றிக் கொடுத்துச் சோதித்துப் புண்ணியமில்லை.

கடையில் ஒரு சுவர் முழுக்க மூட்டைகள். நான் ரொம்ப யோசிக்கவில்லை. பச்சைப் புல்வெளியில் ஓர் ஆட்டுக்குட்டி நின்று சிரித்துக்கொண்டிருந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். (எந்த உயிரை அரைத்து உள்ளே போட்டிருக்கிறார்களோ அதையே வெளியில் சிரிக்க வைக்கும் மனது யாருக்கு வந்தது என்று தெரியவில்லை.) மனைவி மூட்டையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் படித்தாள்.

"என்னங்க, ரெண்டாவது பேரே கோழின்னு போட்டிருக்கு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானும் படித்தேன். லேம்ப், சிக்கன் மீல், சோளம், சிக்கன் ஃபேட். ஆடு முன்னால் நின்று சிரிக்க, கோழி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. கோழிக் கொழுப்பில் புரதம் அவ்வளவாக இருக்காது, ஆனாலும் சோதனைக் காலத்தில் அதுவும் வேண்டாம் என்று மருத்துவர் தொலைபேசியில் சொன்னார். மூட்டை பக்கத்து வீட்டு நாய்க்குப் போனது. அது இன்றுவரை என்னைக் கண்டால் வாலாட்டுகிறது.

அன்றிலிருந்து நான் லேபிள் படிக்கிறவன் ஆனேன். மூலப்பொருள்களை எடை வரிசையில் எழுதுகிறார்கள், ஆனால் சமைப்பதற்கு முந்தைய எடை. பச்சை ஆட்டிறைச்சியில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய எழுபது கிராம் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரின் தயவில் முதலிடத்தைப் பிடித்துவிட்டு, காய்ந்த பிறகு ஆடு எத்தனையாவது இடத்துக்குப் போகும் என்பதை மூட்டை சொல்லாது. 'லேம்ப் மீல்' என்று போட்டிருந்தால் நான் அதை ஆட்டுச் சாப்பாடு என்றே நினைத்தேன். அது ஏற்கெனவே வேகவைத்து, கொழுப்பும் தண்ணீரும் எடுத்து, தூளாக்கிய ஆடு. அதே எடைக்குப் புரதம் அதில்தான் கூடுதல். வெறுமனே 'மீட் மீல்' என்று போட்டிருந்தால் எந்த மிருகம் என்று கேட்கக்கூடாது போலிருக்கிறது.

அடுத்து பட்டாணி. ஒரு மூட்டையில் பட்டாணி, பட்டாணி மாவு, பட்டாணிப் புரதம், பட்டாணி நார் என்று நான்கு பேர் வரிசையில் தனித்தனியாக நிற்கிறார்கள். ஒரே குடும்பம், நான்கு டோக்கன். சேர்ந்து நின்றால் ஆட்டுக்கு முன்னால் போய்விடுவார்கள்.

பெயரிலும் சூட்சுமம் இருக்கிறது. அமெரிக்காவில் ஆஃப்கோ என்று ஒரு தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கம் உண்டு. அவர்கள் விதிப்படி, 'லேம்ப் டாக் ஃபுட்' என்று நெற்றியடியாக எழுத வேண்டுமானால் சேர்த்த தண்ணீரைக் கழித்து 95 சதவீதம் ஆடு இருக்க வேண்டும். 'டின்னர்', 'ரெசிபி', 'ஃபார்முலா' என்று ஒரு வாலைச் சேர்த்துக்கொண்டால் 25 போதும். 'வித் லேம்ப்' என்றால் 3. 'லேம்ப் ஃப்ளேவர்' என்றால் அளவே கிடையாது, ஆடு அந்தப் பக்கம் வந்து போன சுவை தெரிந்தால் சரி.

இதையெல்லாம் நான் கடையில் நின்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்ததில், கடைப் பையன் எனக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டான். அவனிடமே கணக்கும் போட்டுக் காட்டினேன். டின்னில் அடைத்த ஈர உணவில் புரதம் 8 சதவீதம், உலர் உணவில் 24. எது அதிகம்? டின்னில் 78 பங்கு தண்ணீர். மிச்சமிருக்கும் 22இல் 8 என்றால் 36 சதவீதம். உலர் உணவில் தண்ணீர் 10தான், ஆக 24 என்பது 27ஐக்கூடத் தொடாது. "அப்போ டின்னே எடுத்துக்கறீங்களா சார்?" என்று ஆசையோடு கேட்டான். இல்லை என்றேன். ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. லேம்ப், லேம்ப் மீல், அரிசி என்று தொடங்கி, கோழி எங்கேயும் எட்டிப் பார்க்காத பட்டியல். வளர்ந்த நாய்க்கு முழுமையான சரிவிகித உணவு என்ற வரியும் இருந்தது. அந்த வரி இல்லாவிட்டால் அது சாப்பாடு இல்லை, நொறுக்குத் தீனி.

திடீரென்று மாற்றினால் வயிறு கெடும், ஏழெட்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். முதலில் கால் பங்கு புதுசு, பிறகு பாதி, பிறகு முக்கால். வீரன் முதல் நாளே பழைய உருண்டைகளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, புதியவற்றை ஒவ்வொன்றாகத் தட்டுக்கு வெளியே வரிசையாக வைத்தான். கூப்பிட்டால் வரத் தெரியாத நாய்க்கு இவ்வளவு துல்லியமாகப் பிரிக்கத் தெரிந்திருக்கிறது. வெந்நீர் தெளித்ததும் மணம் கிளம்பியது, அதன் பிறகு கௌரவம் பார்க்காமல் தின்றான்.

நான்காவது வாரம் அரிப்பு பாதியாகக் குறைந்தது. ஐந்தாவது வாரமும் அதே பாதி. ஆறாவது வாரமும் அதே பாதி. யாரோ ஏதோ கொடுக்கிறார்கள்.

சந்தேகம் அப்பா மேல்தான். ஏனென்றால் வீரன் அவர் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருப்பான். சட்டைப் பையைச் சோதித்தேன், தலையணைக்கு அடியில் சோதித்தேன். மூக்குப்பொடி டப்பாவைக்கூடத் திறந்து பார்த்துவிட்டு ஏழெட்டுத் தும்மல் தும்மினேன். ஒன்றும் இல்லை.

"பெத்த அப்பனைத் திருடன்னு சொல்லிட்டியேடா" என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீரனோடு மட்டும் பேசினார், அதுவும் நான் கேட்கும்படியாக.

மூன்றாம் நாள் ராத்திரி. வழக்கம்போல் வீரனுக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். நாய்க்கென்று தனிப் பற்பசை உண்டு. அந்த நேரத்துக்கு மட்டும் அவன் கூப்பிடாமலே வந்துவிடுவான், பிரஷ்ஷைச் சப்பிச் சப்பிச் சுத்தம் செய்வான். பல் சுத்தத்தில் இந்த நாய்க்கு இருக்கிற அக்கறை நம் பிள்ளைகளுக்கு இல்லையே என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

மனைவி என் கையிலிருந்த டியூபை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். எதுவும் பேசாமல் நேராகக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தாள். "மாமா, இதைக் கொஞ்சம் படிங்க."

அப்பா கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடிக்க வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் துடைத்தார். டியூபை விளக்குக்கு நேராகப் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். "சிக்... கன்... ஃப்ளே... வர்."

ஆட்டுக்குட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு காடெல்லாம் தேடியவன் கதையை அவர் முழுதாகச் சொல்லி முடிக்கும் வரை நான் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தேன். என் விஷயத்தில் தோளில் இருந்தது கோழி.

எட்டு வாரத்தை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினோம். இந்த முறை வீட்டுக்குள் வரும் எல்லாவற்றையும் அப்பாதான் சோதித்தார். நான் வெளியே போய்விட்டு வந்தால் என் சட்டைப் பையையும் சேர்த்து. ஏழாவது வாரம் 'சளக் சளக்' சத்தம் சுத்தமாக நின்றது. பாதத்தில் புதிதாக முளைத்த முடி வெள்ளையாகவே இருந்தது.

மருத்துவரிடம் போய்ச் சந்தோஷமாகச் சொன்னோம். அவர் தலையாட்டிவிட்டு, இத்தோடு முடியவில்லை என்றார். கோழிதான் காரணம் என்று உறுதியாக வேண்டுமானால் மறுபடியும் கோழி கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால் அதுதான் குற்றவாளி. திரும்பியதும் நிறுத்திவிடலாம். "வீட்ல யாராவது பொறுப்பா, தினமும் கொஞ்சம் கொடுத்துக் கவனிக்கணும்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அதை நான் பார்த்துக்கறேன் டாக்டர். இவன் பிரஷ்ஷைப் பிடிக்கிற ஆளு."