ரியாத் வெயில்ல காய்ஞ்ச வடகம்

தம்பி நேத்து ராத்திரி பெட்டியைத் திறந்தான். அத்தை வீட்டு வாண்டுங்க நாலும் சுத்தி உக்காந்திருந்துச்சுங்க. சவூதிலருந்து முதல் லீவுல வர்றவன் பெட்டில என்ன இருக்கும்? பேரீச்சம்பழம், சென்ட்டு, கோடாலித் தைலம், மினுமினு காகிதம் சுத்துன சாக்லேட்டு. இவன் அப்பாவோட பழைய வேட்டில கட்டுன ஒரு மூட்டையைத் தூக்கி அம்மா மடில வச்சான். ரெண்டு கிலோ ஜவ்வரிசி வடகம்.

சேலத்துக்கு. ஜவ்வரிசி வடகம். ரியாத்துலருந்து.

எனக்கு ஒரு லிப் பாம் வந்துச்சு. அதுவும் பாதி தீர்ந்தது.

எல்லாம் போன மே மாசம் ஆரம்பிச்சது. அம்மா மொட்டை மாடில வேட்டியை விரிச்சு வடகம் ஊத்தி வச்சிருந்துச்சு. நம்மூரு கதைதான் தெரியுமே. காலைல மண்டையைப் பொளக்கும், மூணு மணிக்கு ஏற்காட்டுப் பக்கம் கறுக்கும், மூணேகாலுக்குத் துணியைச் சுருட்டிக்கிட்டு ஓடணும். முட்டி வலியோட அம்மா படியேறி முடிக்கிறதுக்குள்ள வடகம் மறுபடி கூழாகி தூம்பு வழியாப் போயிருச்சு. அன்னைக்குன்னு பாத்து தம்பி வீடியோல வந்து, "துண்டைக் கொடில போட்டுட்டு கிளிப் எடுக்க உள்ள போனேம்மா, திரும்பி வந்தா அப்பளமா விறைச்சு நிக்குது"ன்னான்.

அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அவ்வளவு வெயிலும் அங்க சும்மாவா போகுது?"ன்னு கேட்டுச்சு.

போறப்ப அவன் பேசுன பேச்சு இருக்கே. "கத்திரி வெயில்ல அம்மாபேட்டைலருந்து ஜங்ஷனுக்கு டிவிஎஸ்ல போனவன்க்கா, ரியாத் என்னை என்ன பண்ணிரும்?" முதல் வாரம், "இங்க வேர்க்கவே மாட்டேங்குது, நம்மூருக்கு இது தேவலை." ரெண்டாவது வாரம் சைட்டுல தலை சுத்தி உக்காந்துட்டான். வேர்க்காம எங்க போச்சு? வேர்க்கிறது தெரியறதுக்குள்ள காத்து குடிச்சிருது. கறுப்புச் சட்டை முதுகுல வெள்ளைவெள்ளையா உப்புக் கோடு. தொரை வேர்க்கலைன்னு தண்ணியே குடிக்கலை. அப்புறம் சில்லுமூக்கு உடைஞ்சது, உதடு வெடிச்சது, கதவுக் கைப்பிடியைத் தொட்டா சுளீர்னு ஷாக் அடிச்சது. வறண்ட காத்துல உடம்புல கரண்டு சேர்ந்துக்கும்மான்னு நான் சொல்லிப் பாத்தேன். யாரோ வச்ச செய்வினைன்னு அம்மா கோட்டை மாரியம்மனுக்கு எலுமிச்சம்பழத்தோட கிளம்பிருச்சு.

ஜூலைல அங்க பச்சத்தண்ணிக் குழாயைத் திறந்தா மாடித் தொட்டித் தண்ணி கொதிக்கக் கொதிக்க வருமாம். அதனால கீசரை அணைச்சு வச்சு, அதுக்குள்ள ஆறிக் கிடக்கிற தண்ணியைக் குளிக்கப் பிடிக்கிறாங்களாம். எங்க வீட்டுக்காரர் இதை இன்னும் யாரைப் பாத்தாலும் சொல்லிக்கிட்டிருக்காரு.

அப்புறம் சவூதி போற ஒருத்தர் தலைல அஞ்சு கிலோ ஜவ்வரிசியும் அந்த வேட்டியும் கட்டப்பட்டுச்சு. 2023ல புவிசார் குறியீடு வாங்குன சேலம் ஜவ்வரிசி. அதை ரியாத்துல காய வச்சா எந்த ஊரு வடகம்னு சொல்றது? யாராவது விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. நமக்கு எட்டரைன்னா அவனுக்கு ஆறு மணி. போனைச் சுவத்துல சாய்ச்சு வச்சு அம்மா இங்கருந்து மேஸ்திரி வேலை பாத்துச்சு. "சீரகம் போட்டியா? கண்ணாடியா வெந்துச்சா? கரண்டியைத் தூக்கிக் காட்டு." முதல் தடவை வெயில்ல போட்டதும் ஓரமெல்லாம் சுருண்டு, நடுவுல பிளந்து, சில்லு சில்லாப் போச்சு. "அந்த ஊருக்கு நிழலே போதும்டா சாமி"ன்னு அம்மா திருத்துச்சு. ரெண்டாவது தடவை புழுதிக் காத்து. மூணாவது தடவை, காலைல ஊத்துனது மத்தியானம் கலகலன்னுச்சு. இங்க ரெண்டு நாள் வெயில் வாங்கணும்.

ஜூன் 15லருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் பன்னெண்டுலருந்து மூணு வரை வெயில்ல வேலை வாங்கக்கூடாதுன்னு அங்க சட்டம். இதைத் தெரியாத்தனமா அம்மாகிட்ட சொல்லிட்டான். "அப்ப மூணு மணி நேரம் சும்மாத்தானே இருக்க? ரூமுக்குப் போயி வடகத்தைத் திருப்பிப் போடலாம்ல?"

வந்தவன் ராத்திரி பூரா தூங்கலை. "பிசுபிசுங்குதுக்கா. நம்மூரு எப்பருந்து இவ்வளவு ஈரமாச்சு?" இவன்தான் அம்மாபேட்டைலயே பொறந்து வளந்தவன். ஃபேனை அஞ்சுல வச்சுட்டு என் கூலரையும் தள்ளிக்கிட்டுப் போயிட்டான்.

இன்னைக்கு மத்தியானம் ரசத்துக்கு வடகம் பொரிச்சோம். பூவா விரிஞ்சது, பொய் சொல்லக் கூடாது. ஒண்ணைக் கடிச்ச அம்மா சட்டுன்னு நிறுத்துச்சு. நறுக்குன்னு மண்ணு. துப்பும்னு பாத்தேன். துப்பலை. மென்னு முழுங்கிட்டு, "உப்பு சரியா இருக்கு"ன்னுச்சு.

சாப்பிட்டு வந்து பாக்குறேன், மிச்ச வடகத்துல பாதியை ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு டேப் ஒட்டிக்கிட்டிருக்கு. யாருக்கும்மான்னா, "அவன் போறப்ப குடுத்துவிடத்தான். அங்க ரசத்துக்கு என்னத்தத் தொட்டுக்குவான்?" அப்பா வேட்டியையும் அலசிக் கொடில போட்டிருக்கு. அதுவும் திரும்ப ரியாத் போகுதாம், இன்னும் அஞ்சு கிலோ ஜவ்வரிசியோட.

காலைல போட்ட வேட்டி இன்னும் சொதசொதன்னு தொங்குது. மணி மூணு ஆகப் போகுது. மலை கறுக்குது. அதை எடுக்க நான்தான் ஏறணும், வர்றேன்.