எட்டு வீட்டு எருக்குழி: ஓராண்டுக் குறிப்புகள்

வேளச்சேரியில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் எட்டு வீடுகள். 2024 ஜூன் தொடங்கி 2025 மே வரை எங்கள் அடுப்படிக் கழிவைக் கட்டடத்தின் பின்புறத்திலேயே மட்க வைத்துப் பார்த்தோம். நோட்டில் அவ்வப்போது குறித்து வைத்ததை எடுத்து எழுதுகிறேன். தொடங்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். காய்கறித் தோலும் மிஞ்சிய சோறும் தானாக வந்து சேரும். சேர்த்து வைக்க வேண்டியது சருகு. இது எங்களுக்குப் புரிய எட்டு மாதம் ஆனது.

தொடங்கிய காரணத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். மே மாதக் கடைசியில் ஒரு காலை, குப்பை எடுக்க வரும் அக்கா எங்கள் வாசலில் உட்கார்ந்து வலது உள்ளங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். சாம்பார் சாதம் ஒட்டிய உறைக்குள் உடைந்த கண்ணாடி டம்ளர் இருந்திருக்கிறது. அது எங்கள் வீட்டு டம்ளர். முந்தின இரவு நான்தான் மிச்சச் சாதத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டேன். மஞ்சள் தண்ணீரில் கையைக் கழுவிக் கட்டுப் போட்டு, மருத்துவமனைக்கு அழைத்துப் போய் ஊசி போட்டு வந்தோம். "நீங்கள் தெரிந்தா செய்தீர்கள் அம்மா, எல்லா வீட்டிலும் இப்படித்தான் வருகிறது" என்றார். அவர் ஆறுதலாகச் சொன்னதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

ஜூன் முதல் வாரம்: எடை

எதையும் மாற்றாமல் ஒரு வாரம் எடை மட்டும் போட்டோம். பழைய பேப்பர்க்காரரிடம் தொங்கு தராசு கடன் வாங்கினேன். எட்டு வீட்டிலும் சேர்த்து ஏழு நாளில் 58 கிலோ. மக்கும் குப்பை 41 கிலோ, காகிதம், பிளாஸ்டிக், அட்டை, பாட்டில் எல்லாம் சேர்த்து 13 கிலோ, சானிட்டரி நாப்கின், டயபர், உடைந்தது, மருந்து அட்டை முதலியவை 4 கிலோ. வீட்டிலேயே மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று அப்போது நடப்பிலிருந்த 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி எல்லாம் எங்கள் வாசலிலும் இருந்தன. இரண்டிலும் ஒரே குப்பைதான் கிடந்தது.

எங்கள் பகுதிக் குப்பை போய்ச் சேரும் இடம் தொலைவில் இல்லை. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே 200 ஏக்கருக்கு மேல் பரவிக் கிடந்தது. 2022 ஏப்ரல் கடைசியில் அது தீப்பிடித்துப் பல நாள் புகைந்தபோது ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு இருந்தோம். அதே ஆண்டில்தான் அந்தச் சதுப்பு நிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைச் சொல்லும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பணியும் அந்த ஆண்டுகளில் அங்கே நடந்தது. ஈரக் குப்பை காற்றுப் படாமல் ஆழத்தில் அழுகினால் எளிதில் தீப்பிடிக்கும் மீத்தேன் வாயு உண்டாகிறது. மேலே நாலு சருகோடு காற்றாடக் கிடந்தால் அதே தோல் மண்ணாகிறது. எங்களின் 41 கிலோ எந்த வழியில் போக வேண்டும் என்பதை நாங்கள்தானே முடிவு செய்ய வேண்டும்?

ஜூன்: பானை

முதலில் நான் மட்டும் பக்கவாட்டில் துளையிட்ட மண்பானை ஒன்றை வாங்கினேன். அடியில் தேங்காய் நார், மேலே காய்த்தோல், கொஞ்சம் புளித்த மோர். பத்தாம் நாள் மூடியைத் திறந்தால் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம். கிளறினால் சேறு. பிழை எங்கே என்று தேடியபோதுதான் மன்னார்குடிப் பக்கத்தில் பாட்டி வீட்டு எருக்குழி நினைவுக்கு வந்தது. பாட்டி ஒரு கூடை சாணத்துக்கு இரண்டு கூடை குப்பை போடுவார். அவர் குப்பை என்று சொன்னது கொல்லையில் கூட்டிய சருகும் வைக்கோல் கூளமும் அடுப்புச் சாம்பலும்தான். வேளாண் புத்தகங்களும் அதையே வேறு சொற்களில் சொல்கின்றன: ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 25 முதல் 30 பங்கு கரிமம் (கார்பன்) இருந்தால் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும். காய்கறிக் கழிவில் தழைச்சத்து அதிகம், கரிமம் போதாது. காய்ந்த இலையில் கரிமம் நிறைய. என் பானையில் இலையே இல்லை.

சருகு கலந்ததும் நாற்றம் ஐந்து நாளில் அடங்கியது. ஈரம் பார்க்கக் கை போதும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி கசிய வேண்டும். ஒழுகினால் சருகு போடுங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

ஆனால் பானை சூடேறவே இல்லை. அதன் வயிற்றில் பொருள் குறைவு, உண்டாகும் வெப்பம் அப்போதே வெளியேறிவிடும். மட்கும், ஆனால் மெல்ல மெல்ல. பெரிய குவியல்தான் தன் சூட்டைத் தானே போர்த்திக்கொள்ளும். இதைச் சொல்லித்தான் மற்ற வீடுகளைக் கேட்டேன்.

ஆடி: கூண்டு

நான்கு வீட்டார் உடனே சரி என்றார்கள். இரண்டு வீட்டார் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். தரைத்தள மாமி மட்டும் முடியாது என்றார். அவர் சமையலறை ஜன்னலுக்கு நேரே பத்தடியில் கூண்டு வரும் என்பதால் அவர் சொன்னது நியாயம். இடத்தை மோட்டார் அறைக்குப் பின்னால் மாற்றிக்கொண்டோம்.

கம்பி வலையை வளைத்து 3 அடி விட்டம், 4 அடி உயரத்தில் கூண்டு கட்டினோம். அடியில் பெருச்சாளி நுழையாதபடி நெருக்கமான வலை, அதன்மேல் இளநீர் மட்டைகளைக் கவிழ்த்து ஓர் அடுக்கு. மட்டைகளின் இடுக்கு வழியே அடியிலிருந்து காற்று ஏறும். முதல் நாளே அரைக் கூண்டாவது நிரம்ப வேண்டும் என்பதால் தெருமுனைக் காய்கறிக் கடையில் கோஸ் இலை, முள்ளங்கித் தழை இரண்டு மூட்டை கேட்டு வாங்கினோம். ஒரு வாளி ஈரக் கழிவுக்கு ஒன்றரை வாளி சருகு. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு சொம்பு மோர்த் தண்ணீர்.

நீண்ட ஊசி கொண்ட வெப்பமானி ஒன்றை வாங்கினேன். மூன்றாம் நாள் 41 டிகிரி, ஐந்தாம் நாள் 52, ஒன்பதாம் நாள் 61. அன்று விடியற்காலையில் லேசாக மழை தூறியிருந்தது. இரண்டாம் மாடித் தம்பி மண்வெட்டியால் மேலே கிளறியதும் இட்லிப் பானையைத் திறந்தது போல ஆவி எழும்பியது. நாற்றமே இல்லை, முதல் மழைக்கு நனைந்த மண்ணின் வாசனை மட்டும். பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளைகள் புத்தகப் பையோடு நின்று உள்ளங்கையை மேலே நீட்டிச் சூடு பார்த்தார்கள். 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால் களை விதைகளும் நோய்க்கிருமிகளில் பலவும் அழிந்துவிடும். அந்த வாரமே எட்டு வீட்டு வாளியும் வரத் தொடங்கியது, மாமி வீட்டு வாளியும்.

ஆகஸ்ட்: புழுக்கள்

மேல் அடுக்கில் சாம்பல் நிறத்தில் கொழுத்த புழுக்கள் நெளிந்தன. பார்த்தவர்கள் பயந்துவிட்டார்கள், சுண்ணாம்புத் தூள் கொட்டலாம் என்றும் பேச்சு வந்தது. நல்லவேளை, பொறுத்தோம். அவை கருப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள். வீட்டு ஈ போல இந்த ஈ சாப்பாட்டில் வந்து உட்காராது. வளர்ந்த ஈக்கு வீட்டுச் சாப்பாட்டில் நாட்டமே இல்லை. புழுவோ பழத்தோலைத் தின்று தீர்க்கும். மேலே நாலு அங்குலம் சருகு மூடி வைத்தால் கண்ணில் படாது. கூண்டோரம் மைனாக்கள் வரத் தொடங்கியது அப்போதுதான்.

எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்பதில் பிணக்கு வந்தது உண்மை. இறைச்சி, மீன், எண்ணெய்ப் பண்டம் வேண்டாம் என்று முடிவு. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடலாம். பூஜைப் பூக்களால் கூண்டுக்கு நன்மை, ஆனால் மாலை கட்டிய நூலையும் சரிகை நாடாவையும் உருவிவிட வேண்டும். இதை மறந்ததால் முதல் குவியலைச் சலித்தபோது சல்லடை முழுக்கச் சிக்கு. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பிரித்தோம்.

அக்டோபர், நவம்பர்: மழை

இந்தப் பகுதியை எழுதவே மனம் வரவில்லை. அக்டோபர் நடுவில் பெருமழை. தார்ப்பாய் போட்டோம், அது தொய்ந்து நடுவில் தண்ணீர் கட்டிக் கூண்டுக்குள்ளேயே இறங்கியது. சேர்த்து வைத்திருந்த ஐந்து மூட்டைச் சருகும் நனைந்துவிட்டது. காய்ந்த இலை எங்கும் இல்லை, வாளிகளோ நாள் தவறாமல் வருகின்றன. செய்தித்தாளைக் கிழித்துப் போட்டேன், அது ஈரத்தில் அப்பளம் போல் ஒட்டிக் காற்றை அடைத்தது. வெப்பமானி 61-லிருந்து 34-க்கு இறங்கியது. பானையில் வந்த அதே நாற்றம் இப்போது எட்டு வீட்டுக்கும். ஒரு வீட்டார் வாளியை நிறுத்திக்கொண்டார்கள். நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்த அன்று, அடித்த மழையில் கூண்டின் அடியிலிருந்து கறுப்பு நீர் வழிந்து வாசல் வரை வந்தது. ராத்திரி குடையும் விளக்குமாறுமாக நாலு பேர் தள்ளிக் கழுவினோம்.

மழை விட்டதும் கூண்டை முழுக்கக் கொட்டிப் பரப்பி, தென்னை நார்க் கழிவு இரண்டு கட்டி உதிர்த்துக் கலந்து, மறுபடி அடுக்கினோம். ஆறு நாளில் 50 டிகிரி ஏறியது. கூண்டுக்கு மேல் சாய்வாகத் தகரக் கூரை போட்டதும் அப்போதுதான். அதை ஆடியிலேயே போட்டிருக்க வேண்டும்.

மாசி, பங்குனி: சருகு

பிப்ரவரி தொடக்கத்தில் குப்பை எடுக்க வரும் அக்காவிடம் சருகுக் கஷ்டத்தைச் சொன்னேன். "மழைக்காலத்தில் தேடினால் கிடைக்குமா அம்மா? மாசியில் நாங்கள் கூட்டித் தள்ள முடியாமல் தவிப்போம். வைக்கோல் மாதிரி இப்போதே கட்டி வையுங்கள்" என்றார். அறுப்பு முடிந்ததும் போர் போட்டு ஆண்டு முழுதும் மாட்டுக்கு வைத்துக்கொள்வதைச் சிறு வயதில் பார்த்தவள் நான். எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

எந்தத் தெருவில் எந்த மரம், எப்போது உதிர்க்கும் என்பது அவருக்கு விரல்நுனியில் இருக்கிறது. தூங்குமூஞ்சிச் சருகுதான் முதல் தரம் என்றார். பொடியிலை, அள்ளிப் போட்டால் மூன்று வாரத்தில் தெரியாமல் போகும். வேம்பும் நல்லது. பாதாம் இலை தோல் மாதிரி தடித்தது, நொறுக்காமல் போட்டால் தட்டுத் தட்டாக ஒட்டிக்கொள்ளும். மாவிலை மட்க நாளாகும். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். நோட்டில் மிகவும் பயன்பட்ட பக்கம் அதுதான். அவர் கூட்டி ஒதுக்கி வைப்பதை நாங்களே போய்ச் சாக்கில் கட்டி எடுத்து வருகிறோம், தூக்கும் வேலையை அவருக்கு வைப்பதில்லை. முன்பு அந்தச் சந்தில் சாயங்காலம் சருகை எரிப்பார்கள். இந்த ஆண்டு எரிக்க மிச்சமில்லை.

மற்றவை

பால் உறையின் மூலையை முழுதாக வெட்டி எறியாதீர்கள். பாதி வெட்டி, உறையோடு ஒட்டியபடியே விடுங்கள். அந்த நகக்கண் அளவுத் துண்டை எவராலும் பொறுக்க முடியாது, சாக்கடைக்குத்தான் போகும். உறைகளைக் கழுவிக் கொடியில் கவ்வி மாட்டிக் காயவைத்துக் கட்டினால் பழைய பேப்பர்க்காரர் எடுத்துக்கொள்கிறார். உள்ளே வெள்ளிப் பூச்சுள்ள நொறுக்குத் தீனி உறைகளை எடுக்க மறுக்கிறார், பல படலம் ஒட்டியவை என்பதால் அவற்றுக்கு விலை இல்லை. அவற்றைக் குறைக்க ஒரே வழி வாங்காமல் இருப்பது. நாப்கின்களைத் தாளில் சுற்றிச் சிவப்புப் புள்ளி வைத்துத் தனியே கொடுக்கிறோம். உடைந்த கண்ணாடியை அட்டைப் பெட்டியில் வைத்து, கையில் கொடுத்துச் சொல்கிறோம்.

அள்ளியது

முதல் குவியலை ஜனவரியில் சலித்தோம், 68 கிலோ. இரண்டாவது ஏப்ரலில், 83 கிலோ. முற்றிவிட்டதா என்று பார்க்க ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சலித்த மட்கு எருவையும் இன்னொன்றில் சாதாரண மண்ணையும் போட்டு இருபது இருபது வெந்தயம் விதைத்தேன். ஜனவரி மட்கில் ஒன்பதுதான் முளைத்தது, மண்ணில் பதினெட்டு. இன்னும் ஒரு மாதம் சாக்கில் ஆறப் போட்டு மீண்டும் விதைத்தபோது பத்தொன்பது. ஆறாத மட்கைச் செடிக்கு வைத்தால் வேர் கருகும், அவசரப்படாதீர்கள். வீட்டுக்குப் பத்துப் பத்துக் கிலோ பங்கு. அக்கா இரண்டு மூட்டை கொண்டுபோய் முருங்கைக்கும் கத்தரிக்கும் வைத்திருக்கிறார். போன வாரம் ஒரு கை பிஞ்சுக் கத்தரிக்காய் கொண்டுவந்து கொடுத்தார்.

மே மூன்றாம் வாரம் மறுபடி எடை போட்டோம். ஏழு நாளில் குப்பை வண்டிக்குப் போனது 7 கிலோ.

தகரக் கூரைக்குக் கீழே இப்போது 26 மூட்டைச் சருகு இருக்கிறது. ஐப்பசிக்குள் 40 வேண்டும். பின்தெருப் பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியைக் கேட்டிருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குச் சாக்கோடு போகிறோம்.