டினியன்: நான்கு ஓடுபாதைகள், இரண்டு குழிகள்

முதலில் அந்த வாடகைக் கார் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. பசிபிக் கடலில் அமெரிக்காவின் கையில் இருக்கும் மரியானா தீவுகளில் ஒன்றான சைபானிலிருந்து பக்கத்து டினியன் தீவுக்குக் குட்டி விமானத்தில் கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் இறங்கிய பிறகு கார் இல்லாமல் ஒன்றும் நடக்காது, ஒரு பஸ்கூட என் கண்ணில் படவில்லை. அது தெரிந்துதான் கார்க்காரர் மெயிலில் ஒரு தொகை சொல்லிவிட்டு, சாவி கொடுக்கும்போது சுத்தம் செய்யும் செலவு என்று 25 டாலர் கூடக் கேட்டார். நம் காசுக்கு ரெண்டாயிரத்துக்கு மேல்! சீட்டுக்கு அடியிலோ முந்தின ஆள் விட்டுப்போன கடல் மணல் அப்படியே கிடந்தது. வாதாடி நேரம் போனதுதான் மிச்சம், கொடுத்துவிட்டேன்.

சரி, வடக்கே போகும் சாலைக்குப் பெயர் பிராட்வே. தீவின் வடிவம் மன்ஹாட்டன் மாதிரி இருக்கிறது என்று இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கர்கள் நியூயார்க் தெருப் பெயர்களை வைத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே புதர்க்காடு. இறங்கி இலையைப் பறித்துப் பார்த்தால் நம்மூர் சவுண்டல்! ஆட்டுக்கு ஒடித்துப் போடுவோமே, அதேதான். இங்கே டாங்கன் டாங்கன் என்கிறார்கள்.

அந்தக் காடு சட்டென்று விலகி நேராக நீளும் இடம்தான் ஏபிள் ஓடுபாதை. இதன் மேல் காரையே ஓட்டிப் போகலாம், போனேன், போய்க்கொண்டே இருந்தது. 1944 ஜூலை 24 அன்று அமெரிக்கர்கள் தீவில் இறங்கியபோது இங்கே ஜப்பானியரின் உஷி விமானத்தளம் இருந்தது, மற்றபடி தீவில் பெரும்பகுதி கரும்புக்காடு. சீபீஸ் என்ற கடற்படைக் கட்டுமானப் பிரிவினர் பவழப் பாறையை வெட்டி உடைத்துப் பரப்பி, தலா 8,500 அடி நீளத்தில் அடுத்தடுத்து நான்கு ஓடுபாதைகள் போட்டார்கள்: ஏபிள், பேக்கர், சார்லி, டாக். ஒரு வருஷத்துக்குள் முடிந்த வேலை. பி-29 விமானங்கள் ஜப்பான் வரை போய்க் குண்டு போட்டுவிட்டுத் திரும்பிவர எட்டும் தூரம் என்பதால்தான் இந்தத் தீவுக்கு இத்தனை அடிதடி. தார் பெயர்ந்த ஓரத்தில் குனிந்து ஒரு துண்டு எடுத்தேன், வெள்ளையாக, பொத்தல் பொத்தலாக, பவழம் என்று பார்த்ததுமே தெரிகிறது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அப்புறம் குழிகள். அணுகுண்டுகள் விமானத்தின் வயிற்றுக்கு அடியில் தள்ளிக்கொண்டு போக முடியாத அளவு பெரியவை. அதனால் தரையில் குழி வெட்டி, குண்டை அதற்குள் இறக்கி, விமானத்தைப் பின்னால் தள்ளி குழிக்கு மேலே நிறுத்தி, ஹைட்ராலிக் தூக்கியால் குண்டை வயிற்றுக்குள் ஏற்றினார்கள். ஒரு குழி ஹிரோஷிமாவுக்கு, இன்னொன்று நாகசாகிக்கு. இப்போது மேலே கண்ணாடி போட்டு மூடியிருக்கிறார்கள். இரண்டுமே ஒரு சின்ன அறை அளவுதான், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. 1945 ஆகஸ்ட் 6 அதிகாலை 2:45 மணிக்கு, விமானி கர்னல் டிபெட்ஸ் தன் அம்மாவின் பெயரைச் சூட்டிய எனோலா கே என்ற பி-29, ஹிரோஷிமா குண்டோடு இந்த ஏபிளில்தான் ஓடிக் கிளம்பியது. அந்த வருஷம் முடிவதற்குள் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000 பேர் செத்துப்போனார்கள். உச்சி வெயிலில் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி உள்ளே பார்த்துக்கொண்டு நின்றேன், அக்கம்பக்கத்தில் ஓர் ஆள் இல்லை, தொண்டை அடைத்துவிட்டது. டினியனுக்குக் கடற்கரைக்காக மட்டும் வருகிறவர்களே, தயவுசெய்து அரை நாளாவது வடக்கே ஒதுக்குங்கள்.

செலவுக் கணக்கும் எழுத வேண்டும், ஆனால் அதற்கு முன் சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது! சான் ஹோசே ஊருக்குத் திரும்பியதும் ஒரு சின்னக் கடையில் கெலாகுவன் சாப்பிட்டேன். கோழிக்கறியைப் பொடியாக நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, தேங்காய்த் துருவலும் டொன்னி சாலி என்ற குட்டி மிளகாயும் போட்டுப் பிசைந்தது, கூடவே சிவப்புச் சோறு. ஒரு வாரம் காரமே இல்லாமல் தவித்த நாக்குக்கு உயிர் வந்தது. கடைக்கார அம்மா நான் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து, கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தார், அதற்குக் காசும் வாங்கவில்லை.

கணக்கு இதுதான்: விமானமும் காரும்தான் பணத்தைத் தின்னும், மற்றதெல்லாம் சில்லறை. காரை நாலு பேராகப் பிரித்துக்கொண்டால் தாங்கும். பையின் எடையோடு நம் எடையையும் பார்த்துத்தான் விமானத்தில் உட்கார வைப்பார்கள், சாமான் குறைவாக இருக்கட்டும். வடக்கில் எனக்கு ஒரு கடையும் தட்டுப்படவில்லை, தண்ணீர் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். காருக்குச் சொன்ன தொகையை எழுத்தில் வாங்காமல் கிளம்பாதீர்கள்.